தக்கையும் திருகுமூடியும்

சவப்பெட்டியை மூடுவதற்கு ஆட்கள் கைவைத்துவிட்டார்கள். திலக்சன் "ஒருக்காப் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் கையில் அப்பாவின் ஓப்பனர் இருந்தது. பேனாக்கத்தி போல மடங்குவது. ஒரு நுனியில் தக்கைக்குள் இறங்கும் சுருள்கம்பி, மறு நுனியில் போத்தல் வாயைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி. உப்புவெளிக் கடற்கரை ஹோட்டலில் பாருக்குப் பொறுப்பாக இருந்த காலம் முழுவதும் சோமசேகரம் அதை இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு திரிந்தார். ஓய்வு பெற்ற பிறகும், கலியாண வீடுகளுக்குப் புறப்படும்போது மூக்குக்கண்ணாடியையும் ஓப்பனரையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவார்.

மகன் அதை அவருடைய வெள்ளைச் சட்டைப் பைக்குள் வைத்தான். அளவெடுத்துத் தைத்த பை போல் இருந்தது. அழுது ஓய்ந்திருந்த பெண்கள் மறுபடியும் தொடங்கினார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பூரணிக்கும் மகன் செய்தது நல்ல காரியம் என்றே பட்டது.

மறுநாள் காடாற்றப் போனபோது, சாம்பலுக்குள் அந்தச் சுருள்கம்பி கறுத்துப்போய்க் கிடந்ததாம். எலும்புகளோடு அதையும் எடுத்துக் கடலில் விட்டுவிட்டு வந்தார்கள்.

வீட்டில் வேறு ஓப்பனர் இல்லை என்பதை எட்டாம் நாள் பின்னேரம்தான் கண்டுபிடித்தார்கள்.

எட்டுச்செலவு அன்று செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, அவருடைய படத்துக்கு முன்னால் படைத்து, விளக்கேற்றிக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று. சாராயம் குடித்தவருக்குச் சாராயம், சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு. சோமசேகரத்துக்கு ஆட்டிறைச்சிக் கறி, நண்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, பிறகு வைன்.

விறாந்தையை அடுத்த அறையில் அவருடைய கதிரையைப் போட்டு, அதில் படத்தைச் சாத்தி வைத்திருந்தார்கள். கதிரைக் கையில் மடித்த வேட்டி, அதன் மேல் கண்ணாடி. கீழே, அவர் வீட்டுக்குள் போட்டுத் திரிந்த நீல ரப்பர்ச் செருப்பு. செருப்பை வைத்தது பூரணிதான்.

"போத்தலை அப்பிடியே வைச்சாக் காணும்தானே மாமி?" என்று கேட்டான் திலக்சன்.

சோமசேகரத்தின் தமக்கை பாலையூற்றிலிருந்து காலையிலேயே வந்து எல்லாவற்றுக்கும் தலைமை தாங்கிக்கொண்டிருந்தாள். பூரணிக்கு மச்சாள்.

"பூட்டின போத்தலை வைச்சா அவன் பல்லால கடிச்சே திறக்கிறது? திறந்து கிளாஸில ஊத்தி வை."

"அப்பான்ர ஓப்பனர் எங்கயம்மா?"

பூரணி மகனைப் பார்த்தாள். கேட்டு முடித்த வாயோடு அவன் கை தானாகவே தன் சட்டைப் பைக்குப் போனது.

"நீதானே குடுத்து அனுப்பினனீ," என்றாள்.

மச்சாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ஓப்பனர் அவனிட்ட, போத்தல் எங்களிட்ட," என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. செத்த வீட்டில் அந்த வாரம் கேட்ட முதல் சிரிப்பு அது.

போத்தல் ஒன்றல்ல, இரண்டு. குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில், மரக்கறி வைக்கிற இழுப்பறைக்குள் அவை பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தன. இரண்டிலும் ஒரே வருஷத்து, ஒரே தோட்டத்து அவுஸ்திரேலிய வெள்ளை வைன். ஒன்றுக்குத் தக்கை, மற்றதற்கு அலுமினியத் திருகுமூடி. சோமசேகரம் வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் கொழும்பிலிருந்து வந்த வைன் வியாபாரி, "எந்த மூடி நல்லதெண்டு நீங்களே வைச்சுப் பாருங்கோ" என்று இரண்டையும் கொடுத்துவிட்டுப் போனார். சோமசேகரமும் வீட்டுக்குக் கொண்டுவந்து, வைத்துப் பார்க்கத்தான் வைத்தார். அன்றிலிருந்து பூரணியின் கத்தரிக்காய்க்கும் போஞ்சிக்கும் இழுப்பறையில் இடமில்லை. மின்வெட்டு நேரத்துக்கு நேரம் வந்த அந்த வருஷத்தில் சோமசேகரம் ஈரத் துவாயால் போத்தல்களைப் போர்த்திவிட்டுப் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். மேல்தட்டில் மீன் பழுதானது அவருக்குத் தெரியவில்லை.

வைத்துப் பார்ப்பதில் எதிர்க்கட்சி பிரகலாதன். கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கொம்பனி ஒன்றில் துறைமுகத்திலேயே வேலைசெய்து ஓய்ந்தவர். சோமசேகரத்தோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். அவருடைய கட்சி திருகுமூடி.

"தக்கை எண்டது மரப்பட்டை. எப்பவாவது ஒண்டில பூஞ்சணம் பிடிக்கும். வெளியால பாத்தாத் தெரியாது. திறந்த பிறகுதான் தெரியும், வைன் நனைஞ்ச கடதாசி மட்டை மாதிரி மணக்கும். காசு குடுத்து மட்டையே குடிக்கிறது? கப்பல்காரன் ஒருத்தனும் இப்ப தக்கை கேக்கிறேல்ல."

"கப்பல்காரன் தாகத்துக்குக் குடிக்கிறவன்," என்பார் சோமசேகரம். "நூறில ரெண்டு மூண்டு பழுதாகும். ஆகட்டும். தக்கையை இழுக்கேக்க ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டாத்தான் மேசையில இருக்கிறவன் தான் விருந்தாளி எண்டு நினைப்பான். திருகுமூடி இருமல் மருந்துப் போத்தலுக்கு."

இரண்டையும் ஒரு நல்ல நாளில் ஒன்றாகத் திறந்து தீர்ப்பதென்று பேச்சு. நல்ல நாள் வரவேயில்லை. தீபாவளி போகும், வருஷப்பிறப்புப் போகும், சோமசேகரம் "பொறடா, அவசரம் என்ன" என்பார். "சோமு பயந்திட்டான்," என்று பிரகலாதன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அவர் பயப்படவில்லை என்பது பூரணிக்கு மட்டும் தெரியும்.

கொரோனாக் காய்ச்சல் வந்து மாறியபோது சோமசேகரத்தின் மூக்கிலிருந்து மணம் போய்விட்டது. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. அவருக்கு வரவில்லை. ஒரு காலை அடுப்பில் பால் எரிந்து வீடெல்லாம் நாறிக்கொண்டிருக்க, அவர் பக்கத்திலேயே இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பூரணி ஓடிவந்து அடுப்பை நிறுத்தினாள். அவர் பேப்பரைத் தாழ்த்தி எரிந்த சட்டியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "ஒருத்தருக்கும் சொல்லாதையும்," என்றார். அவ்வளவுதான் அதைப்பற்றி அவர்கள் கதைத்தது.

ஆனால் கலியாண வீடுகளில் ஆட்கள் விடுவார்களா? கனடாவிலிருந்து வருகிறவர்கள் போத்தலோடுதான் வருவார்கள். "சோமண்ணை, மணந்து பாத்துச் சொல்லுங்கோ." அவர் கிளாஸைச் சுழற்றுவார். மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுவார். பிறகு, "மனிசிக்கும் ஒருக்காக் காட்டுவம்," என்று பூரணியிடம் நீட்டுவார். ஹோட்டல் வேலைக் காலத்தில் அவர் வீட்டுக்கு மிச்சமாகக் கொண்டுவந்ததையெல்லாம் முகர்ந்து பழகிய மூக்கு அவளுடையது. மேசைக்குக் கீழே அவளுடைய கால் அவருடைய காலைத் தேடிப் போகும். ஒருமுறை அழுத்தினால் நல்லது. இருமுறை அழுத்தினால் பழுது. அவர் இன்னும் கொஞ்சநேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்வார். ஒருமுறைகூடப் பிழைக்கவில்லை. வீடு திரும்பும்போது ஓட்டோவுக்குள் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலச் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருப்பார்கள்.

வாசலில் கேற் திறக்கும் சத்தம் கேட்டது. செத்த வீட்டுக்குக் கட்டிய தென்னோலைத் தோரணத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. அதை ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு வந்து தின்றுகொண்டிருந்தன. அவற்றை விலக்கிக்கொண்டு பிரகலாதன் உள்ளே வந்தார். பின்னால் கிண்ணியா மஹ்ரூப், கையில் மூடிய சட்டியோடு. ஹோட்டல் குசினியில் சோமசேகரத்தோடு ஒன்றாக வேலை செய்தவர்.

"நண்டு, அக்கா," என்றார் மஹ்ரூப். "நீங்க வைச்சிருப்பீங்க. ஆனா அவருக்கு என்ட நண்டுதான் சரிவரும்."

"என்ர நண்டுக்கு என்ன குறை?" என்றாள் மச்சாள்.

"குறையெண்டு அவர் ஒருநாளும் சொன்னதில்ல. ஆனா ஹோட்டலுக்கு வந்து என்டதத்தான் சாப்பிட்டவர்."

பிரகலாதன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். யாரும் கேட்காமலே மறுபடி அதே கதையைச் சொன்னார். செத்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொன்ன கதை.

"போன்ல கதைச்சுக்கொண்டு இருந்தனான். திருகுமூடிக்குள்ள காத்துப் போகாது, அதால வைன் பழுதாகாது எண்டன். 'அப்பிடியில்லையடா' எண்டான். பிறகு சத்தமில்ல. எப்பவும் மற்றவன்ர கதைக்கு நடுவில புகுந்து கதைக்கிற ஆள். பதிலே இல்ல. நான் நினைச்சன், வெண்டிட்டன் எண்டு. ரெண்டு நிமிஷம் சந்தோஷமா இருந்தனான்."

அந்த நேரம் பூரணி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "அப்பிடியில்லையடா" அவளுக்கும் கேட்டது. அதற்குப் பிறகு வந்த அமைதி வழக்கத்தைவிட நீளமாக இருந்ததால்தான் எட்டிப் பார்த்தாள். கதிரையில் சாய்ந்திருந்தார். போன் மடியில். அதற்குள் பிரகலாதனின் குரல், "என்னடா, கதையைக் காணேல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"ஓப்பனர் இல்ல அங்கிள்," என்றான் திலக்சன்.

காரணம் தெரிந்ததும் பிரகலாதன் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியளே? திருகுமூடிக்கு ஓப்பனர் வேண்டாம். செத்தும் அவனுக்கு விளங்கேல்ல."

"திருகாணி ஒண்டு இருக்கா? நீட்டு ஆணி. குறடும் வேணும்," என்றார் மஹ்ரூப். "ஆணியத் தக்கைக்க திருகி, குறடால பிடிச்சு இழுங்க. நான் வழி சொல்றன், கை வைக்கிறது நீங்க. இதில நான் கை வைக்க ஏலாது."

திலக்சன் போத்தலைத் துவாயால் சுற்றித் தொடைகளுக்கு இடையில் வைத்துக்கொண்டான். ஆணி இறங்கியது. குறடால் பிடித்து இழுத்தான். வரவில்லை. முகம் சிவந்து இன்னொருமுறை இழுத்தான். டொப்.

மச்சாள் படத்தைப் பார்த்தாள். பிரகலாதன் சுவரைப் பார்த்தார்.

"இந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவு காலமும் என்னோட சண்டை பிடிச்சவன்," என்றார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு." பிறகு தானே மற்றப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். கிரிக் என்றது.

"இருமல் மருந்து மாதிரி," என்றாள் மச்சாள். தம்பி அதைத்தான் சொல்வான் என்று அவளுக்குத் தெரியாது. எல்லோரும் சிரித்தபோது ஏன் என்று விளங்காமல் தானும் சிரித்தாள்.

இரண்டு கிளாஸ்களில் ஊற்றினார்கள். திலக்சன் முதலில் முகர்ந்தான். தக்கைப் போத்தலில் பெரிதாக ஒரு மணமும் இல்லை, சாதுவாக இருக்கிறது என்றான். திருகுமூடிப் போத்தலை முகர்ந்தவன் முகத்தைச் சுளித்தான்.

"இதில மண்ணெண்ணெய் மணக்குது."

மச்சாள் வாங்கி முகர்ந்தாள். "ஓம், குப்பி விளக்கு மாதிரி. இது சரியில்ல. அந்தத் தக்கையை வையுங்கோ, என்ர தம்பி சொன்னதுதான் சரி."

"எனக்கு வாய்க்குத்தான் விலக்கு, மூக்குக்கு இல்ல," என்று மஹ்ரூப்பும் குனிந்து இரண்டையும் மணந்தார். "மண்ணெண்ணெய் தெரியுது. மற்றதில ஒண்டும் தெரியல்ல."

பிரகலாதன் நீண்டநேரம் முகர்ந்தார்.

கிளாஸ்கள் கடைசியாகப் பூரணியிடம் வந்தன. முதலில் திருகுமூடி. மண்ணெண்ணெய் ஒரு நூல்போல வந்து போனது. அதன் பின்னால் தேசிக்காய்த் தோலின் புளிப்பு, தேசி இலையைக் கசக்கிய பச்சை மணம், கொஞ்சம் தேன். இந்த வகை வெள்ளை வைன் வயதானால் மண்ணெண்ணெய் மணக்கும் என்று சோமசேகரம் ஒருநாள் சொல்லியிருக்கிறார். "அது பழுதில்ல. அது அதின்ர நரை. எனக்கு இருக்கிற மாதிரி."

பிறகு தக்கைப் போத்தல். தேசிக்காய் இல்லை. தேன் இல்லை. எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன. அதற்கு அடியில், மிக மெதுவாக, நனைந்த மட்டை.

அவளுடைய கால் தானாக முன்னால் போனது. அங்கே சீமெந்துத் தரை மட்டும் இருந்தது.

"என்னம்மா?" என்றான் திலக்சன்.

"வேற கிளாஸ் எடுத்துக்கொண்டு வாறன்," என்று சொல்லி, இரண்டு கிளாஸ்களையும் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

குசினி மேசையில் கிளாஸ்களை வைத்துவிட்டு நின்றாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும், அவர் வென்றுவிடுவார். எட்டாம் நாள், ஊர் பார்க்க, அக்காவின் வாயாலேயே. கடைசியாக அவர் சொன்ன "அப்பிடியில்லையடா" அந்தரத்தில் நிற்காமல் சரியாகிவிடும். சொன்னால் அவர் தோற்றுப்போவார். திரும்ப வாதாட அவரால் ஏலாது.

பிரகலாதன் வாசற்படியில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்டா, ரெண்டா?"

"என்ன ஒண்டு, ரெண்டு?"

"என்ர மருமகள் கீர்த்தனியின்ர கலியாணத்தில முகம் துடைக்க எடுத்த லேஞ்சி கீழ விழுந்திட்டுது, தங்கச்சி. எடுக்கக் குனிஞ்சனான். உங்கட கால் அவன்ர காலுக்கு மேல நிக்குது. இந்த வயசில இதுகளுக்கு என்ன காதல் வேண்டிக்கிடக்கு எண்டு நினைச்சன்."

பூரணி சீலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்தாள். காது இரண்டும் சூடாகியிருந்தன.

"வீட்ட போய் மனிசியிட்டயும் சொன்னன். உங்களுக்கு ஒருநாளும் அப்பிடித் தோணேல்லையே எண்டு அவள் ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்ல." அவர் சிரிக்கவில்லை. "அடுத்த கலியாண வீட்டில வேணுமெண்டே லேஞ்சியைப் போட்டன். நீங்கள் ரெண்டுதரம் அழுத்தினனீங்கள். உடன அவன் கிளாஸை வைச்சிட்டு, 'இது தக்கை பழுது, வேற கொண்டா' எண்டான். அப்பதான் விளங்கினது."

"அவரிட்ட ஏன் கேக்கேல்ல?"

"கேட்டா அவன் ஓம் எண்டு சொல்ல வேண்டி வரும். பயந்திட்டாய் எண்டு சொன்னா என்னோட சண்டை பிடிக்கலாம்." பிரகலாதன் கிளாஸ்களைப் பார்த்தார். "எனக்கு ஒண்டும் பிடிபடேல்ல. உங்களுக்குத் தெரியும். தக்கைதான் நல்லதெண்டு நீங்கள் சொன்னா நானும் ஓம் எண்டுவன். அவன் வெல்லட்டும். எனக்கு இனி என்னத்துக்கு?"

பூரணி தக்கைப் போத்தல் கிளாஸை மறுபடி எடுத்து முகர்ந்தாள். கொஞ்சநேரம் காற்றுப்பட நின்றதில் மட்டை நாற்றம் இன்னும் மேலே வந்திருந்தது. அவர் ஹோட்டலில் இருந்த காலத்தில் ஒரு பெரிய மனிதர் தன் மேசைக்கு வந்த போத்தலை நல்லது, நல்லது என்று குடித்துக்கொண்டிருந்தாராம். பக்கத்தால் போன சோமசேகரத்துக்கு மணம் பட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்டுப் போத்தலை எடுத்துக்கொண்டு போய், வேறு போத்தலோடு வந்தாராம். "குடிக்கிறவனுக்குத் தெரியாட்டி என்ன," என்று அன்றிரவு வீட்டில் வந்து சொன்னார். "எனக்குத் தெரியுமே."

"அவற்ற மேசைக்கு இதை எப்பிடி அண்ணை வைக்கிறது?" என்றாள்.

பிரகலாதன் தலையை ஆட்டிவிட்டு வழிவிட்டார்.

அறைக்குள் போய்ப் பூரணி நேராகச் சொன்னாள். "இந்தத் தக்கைப் போத்தல் பழுது. இதை அவருக்கு வைக்கேலாது. மற்றதைத்தான் வைக்க வேணும்."

"மண்ணெண்ணெயை வைக்கச் சொல்லுறியே?" என்றாள் மச்சாள்.

"ஓம் மச்சாள். மண்ணெண்ணெய்க்குப் பின்னால பிடியுங்கோ. தேசிக்காய் இருக்கும்."

"உனக்கு உதெல்லாம் ஆர் சொன்னது?"

"உங்கட தம்பிதான்."

மஹ்ரூப் தக்கைக் கிளாஸை வாங்கி இன்னொருமுறை மணந்தார். இம்முறை தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அக்கா சொல்றது சரிதான். ஐஸ் மீன் வார மட்டைப் பெட்டி. மழைக்க நனைஞ்சது."

திலக்சன் முகர்ந்துவிட்டு மூக்கைத் தேய்த்தான். மச்சாளும் முகர்ந்தாள்.

"எனக்கு முதலே ஒரு மாதிரித்தான் இருந்தது," என்றாள். "செத்த வீட்டில என்னத்துக்குக் கதைப்பான் எண்டு விட்டனான்."

"அப்ப நீங்கள் வெண்டிட்டீங்கள் அங்கிள்," என்றான் திலக்சன்.

பிரகலாதன் விறாந்தைக் கதிரையில் போய் அமர்ந்தார். எல்லோரும் அவர் ஏதாவது பெருமை பேசுவார் என்று காத்திருந்தார்கள்.

"ஒரு போத்தல் பழுதாப்போச்செண்டு தக்கை முழுக்கப் பிழையெண்டு சொல்லேலாது தம்பி," என்றார் கடைசியில். "நூறில ரெண்டு மூண்டுதான் அப்பிடி வரும்."

"அந்த ரெண்டு மூண்டில ஒண்டு உங்கட மேசைக்கு வந்தா?" என்றாள் பூரணி.

"வந்தா என்ன, வேற போத்தல் திறக்கிறது. சத்தத்தைக் கேட்டனீங்கள்தானே? அந்தச் சத்தத்துக்கு விலை இருக்கே?"

"சத்தத்தைக் குடிக்கேலுமே அண்ணை? திருகுமூடியெண்டா பயமில்லாமத் திறக்கலாம். ஆணியும் குறடும் தேவையில்ல."

"திருகுமூடி இருமல் மருந்துக்குத்தான் சரி."

"இருமல் மருந்து ஒருநாளும் பழுதாகிறேல்லையே."

மஹ்ரூப் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். "இதென்ன, கட்சி மாறிட்டீங்களா ரெண்டு பேரும்?"

பூரணி வாயை மூடிக்கொண்டாள். அவள் சொன்னது அத்தனையும் பிரகலாதனின் வசனங்கள். அவர் சொன்னது எல்லாம் சோமசேகரத்தினுடையவை. பிரகலாதனும் அதை அப்போதுதான் கண்டுகொண்டார் போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார். லேஞ்சியை எடுத்து அதைத் துடைத்தார், பிறகு கண்ணையும் துடைத்தார். துடைத்துக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்தார்.

"நாளைக்கும் வருவன் தங்கச்சி," என்றார். "உங்களுக்கு இது விளங்கேல்ல. விளங்கப்படுத்த வேணும்."

"வாங்கோ. மரக்கறி இழுப்பறை வெறுமையாத்தான் இருக்கு."

திலக்சன் பழுதான போத்தலைக் கொண்டுபோய்க் கிணற்றடித் தேசி மரத்தின் கீழ் ஊற்றினான். மானொன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தோரணமே மேல் என்பதுபோல் திரும்பிப் போனது. உட்துறைமுகத்தில் கப்பல் ஒன்று நீளமாக ஊதியது.

பொழுது படுகிற நேரம். வாழையிலைகளை விரித்துச் சோறும் கறிகளும் வைத்தார்கள். மச்சாளின் நண்டும் மஹ்ரூப்பின் நண்டும் இலையின் இரண்டு கரைகளில் இருந்தன. எது முதலில் குறைகிறதென்று பார்ப்போம் என்று மச்சாள் சொன்னாள். பூரணி அலுமாரியிலிருந்து நல்ல கிளாஸ் ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்து, திருகுமூடிப் போத்தலிலிருந்து கால்வாசிக்கு ஊற்றினாள். அவர் அப்படித்தான் ஊற்றுவார். மிச்ச இடம் மணத்துக்கு.

திலக்சன் விளக்கேற்றிக் கர்ப்பூரம் காட்டினான். எல்லோரும் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்கள்.

"கதவைச் சாத்திக்கொண்டு வா பூரணி," என்றாள் மச்சாள் விறாந்தையிலிருந்து. "அவன் கூச்சப்படுவான்."

"வாறன்."

வெளியே பிரகலாதன் மஹ்ரூப்பிடம் தக்கை எந்த நாட்டு மரத்தில் வருகிறதென்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். "கையில குடிக்க ஒண்டுமில்லாம எப்பிடி இவ்வளவு கதைக்கிறீங்க?" என்று மஹ்ரூப் கேட்பது உள்ளே கேட்டது.

பூரணி கிளாஸை எடுத்து ஒருமுறை முகர்ந்தாள். பிறகு இலைக்குப் பக்கத்தில், அவருடைய வலது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். கதிரைக்கு முன்னால் நின்று, சீலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, வலது காலை நீட்டி நீல ரப்பர்ச் செருப்பின் மேல் வைத்தாள்.

ஒருமுறை அழுத்தினாள். ரப்பர் மெதுவாக அமுங்கி, மறுபடி எழுந்தது.